வீட்டில் பீர்: சிங்கப்பூர் வெக்கையில் புதியவர்கள் கோட்டை விடும் இடங்கள்

அடிக்கடி யாராவது ஒரு தம்பி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். "குடித்துப் பாருங்கண்ணே, என்னமோ சரியில்லை." மூடியைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். நானும் அந்த வழியாக வந்தவன்தான் என்பதால் திட்டவும் மனசு வராது. பாத்திரத்தைச் சுத்தமாகக் கழுவுங்கள், கிருமிநீக்கி போடுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. பீர் காய்ச்சும் பொருள்களை ஒன்றாகப் போட்டு விற்கும் கிட் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. அதையெல்லாம் ஒழுங்காகச் செய்பவர்களும் சறுக்கும் இடங்கள் வேறு.

பாம் ஷெல்ட்டரில் வாளி

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் விஷயம் இது. புதிய வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் பாம் ஷெல்ட்டர் என்கிற பதுங்கு அறை இருக்கிறதல்லவா? தடித்த கான்கிரீட் சுவர், ஜன்னல் கிடையாது, கும்மிருட்டு. பீர் நொதிக்கும் வாளியை வைக்க இதைவிட நல்ல இடம் ஏது என்று எல்லாருக்கும் தோன்றுகிறது. இருட்டு நல்லதுதான், வெளிச்சம் பட்டால் பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவில் கெட்ட வாடை வரும். ஆனால் இருட்டாக இருக்கும் இடமெல்லாம் குளிர்ச்சியாக இருக்காது. காற்றோட்டம் இல்லாத அந்த அறையில் புழுக்கம் அப்படியே தங்கிவிடும்.

செங்காங்கில் ஒரு தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாப்ஸை மாற்றிப் பார்த்திருந்தார், கிட்டை மாற்றிப் பார்த்திருந்தார், கடைசியில் பாட்டில் தண்ணீர் வாங்கிக் காய்ச்ச ஆரம்பித்திருந்தார். பீர் மட்டும் மாறவில்லை. வாளியின் பக்கவாட்டில் வெப்பமானிப் பட்டை ஒன்றை ஒட்டினோம். அறையில் 30 டிகிரி, வாளியில் 33. "அறையே முப்பதுதானேண்ணே, இது எப்படி?" என்றார். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது அதுவே சூட்டைக் கிளப்பும். நொதிப்பு மும்முரமாக நடக்கும்போது வாளிக்குள் அறையைவிட மூன்று நான்கு டிகிரி கூடத்தான் இருக்கும்.

ஏல் என்கிற பீர் வகைக்கான சாதாரண ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரிக்குள் ஒழுங்காக நடந்துகொள்ளும். 30-ஐத் தாண்டினால் செத்தாவது தொலையுமா என்றால் அதுவும் இல்லை. இன்னும் வேகமாக வேலை செய்யும். வாளி மூடியில் வாயு வெளியேறுவதற்கு வைக்கும் ஏர்லாக் கடகடவென்று குமிழி விடும், இரண்டே நாளில் அடங்கிவிடும். புதியவருக்கு ஒரே குஷி. ஆனால் அந்த அவசரத்தில் ஃபியூசல் ஆல்கஹால் என்கிற கனமான ஆல்கஹால்களும் வாடை தரும் எஸ்டர்களும் ஏகத்துக்கு உருவாகிவிடும். ஒரு மடக்கு குடித்தால் தொண்டை சுள்ளென்று எரியும், நகப்பாலிஷ் ரிமூவர் வாடை அடிக்கும். "கொஞ்ச நாள் வைத்தால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மாதக்கணக்கில் வைத்தாலும் அந்தக் காரம் போகாது. 20 லிட்டரையும் சிங்க்கில் கொட்ட வேண்டியதுதான்.

வாளியை அறைக்குள் வைப்பதற்கு முன்பே பாதித் தவறு நடந்துவிடுகிறது. கொதித்த வோர்ட்டை (ஈஸ்ட் போடுவதற்கு முந்தைய இனிப்புச் சாற்றை) செப்புச் சுருளில் குழாய்த் தண்ணீர் விட்டு ஆற்றுவார்கள். பிரிட்டனிலோ நியூசிலாந்திலோ எடுத்த வீடியோவில் அது இருபது நிமிடத்தில் 18 டிகிரிக்கு வந்துவிடும். இங்கே குழாயில் வரும் தண்ணீரே 28, 29 டிகிரி. எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் அதற்குக் கீழே இறங்காது, தண்ணீர்க் கட்டணம்தான் ஏறும். அவசரப்பட்டு அந்தச் சூட்டிலேயே ஈஸ்ட்டைத் தூவிவிடுகிறார்கள். வேண்டாம். கை பொறுக்கும் சூடு வந்ததும் வாளியை இறுக மூடி, பனிக்கட்டித் தண்ணீரிலோ ஃபிரிட்ஜிலோ ராத்திரி முழுக்க வைத்துவிட்டு, காலையில் 18 டிகிரி பார்த்து ஈஸ்ட் போடுங்கள். வாளி சுத்தமாக இருந்தால் ஒரு ராத்திரியில் ஒன்றும் ஆகாது.

அப்புறம் எப்படிக் குளிராக வைப்பது? ஈரத் துண்டு போர்த்தி மின்விசிறி போடும் வித்தை இங்கே எடுபடாது. காற்றிலேயே இவ்வளவு ஈரம் இருக்கும்போது துண்டு எங்கே காயும்? பெரிய ஐஸ் பெட்டியில் தண்ணீர் ஊற்றி, வாளியை அதில் இறக்கி, உறைய வைத்த ஒன்றரை லிட்டர் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றிப் போட்டால் 22 டிகிரியை ஒட்டி நிறுத்தலாம். முதல் மூன்று நாள் இதைச் செய்தால் போதும், கெட்ட சுவை பெரும்பாலும் அப்போதுதான் உருவாகிறது. ராத்திரி மட்டும் ஏர்கான் அறையில் வைப்பது அரைகுறை வேலை. பகலில் அணைத்ததும் வாளி மறுபடி சூடேறும்.

தொடர்ந்து காய்ச்சப்போகிறீர்கள் என்றால் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றும் வாங்கிவிடுங்கள். புது ஹாப்ஸ், புது கெட்டில் எல்லாம் அதற்கப்புறம். கருவியின் உணர்முனையை ஃபிரிட்ஜுக்குள் சும்மா தொங்கவிடாதீர்கள். வாளியின் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு துண்டு ஃபோம் வைத்து டேப் ஒட்டுங்கள். அப்போதுதான் காற்றை விட்டுவிட்டு பீரின் சூட்டைக் காட்டும்.

ஃபிரிட்ஜ் வைக்க இடமில்லையா? நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த க்வெய்க் ஈஸ்ட் இருக்கிறது. அதில் வோஸ் ரகம் 35 டிகிரிக்கு மேலும் கெட்ட சுவை தராமல் வேலை செய்யும், லேசான ஆரஞ்சு மணம் வரும். குளிர் நாட்டு ஈஸ்ட் நம் வெக்கைக்குப் பொருந்துவது வேடிக்கைதான். இதை மட்டும் தாராளமாகப் பாம் ஷெல்ட்டரில் வையுங்கள்.

குமிழி நின்றுவிட்டது, பாட்டிலில் அடைக்கலாமா?

ஏர்லாக்கை நம்பாதீர்கள். மூடி சரியாக இறுகாவிட்டாலே குமிழி வராது. அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். சர்க்கரை குறையக் குறைய அந்த எண் இறங்கும். 1.050-இல் ஆரம்பித்த சாதாரண ஏல் 1.010 பக்கம் வந்து நிற்கும். 1.020-இல் அடைத்தால் மிச்சச் சர்க்கரையைப் பாட்டிலுக்குள் தின்று வாயு ஏற்றும், கண்ணாடி வெடிக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது விளையாட்டில்லை. பெரும்பாலான ஹைட்ரோமீட்டர்கள் 20 டிகிரிக்கு அளவு செய்தவை. 30 டிகிரியில் பார்த்தால் ஏறக்குறைய 0.002 குறைத்துக் காட்டும், கூட்டிக்கொள்ளுங்கள். அடைக்கும்போது நுரைக்கு வேண்டிய வாயு ஏற மட்டும் லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை, தராசில் நிறுத்து. ஸ்பூன் கணக்கு வேண்டாம்.

குழாய்த் தண்ணீர்

நல்ல தண்ணீர்தான், ஆனால் கிருமிநீக்கும் குளோரமின் கலந்தது. கொதிக்க வைத்தாலும் அவ்வளவு சீக்கிரம் போகாது, பீரில் மருந்து வாடை வரும். குளோரமினை நீக்கும் கேம்ப்டன் மாத்திரையில் 25 லிட்டருக்கு அரை மாத்திரை நசுக்கிப் போடுங்கள்.

முதல் பீரே லாகரா?

வேண்டாம். லாகர் ஏலைவிட இன்னும் குளிரில் நொதிக்க வேண்டிய பீர்.

ஈஸ்ட் பாக்கெட்

வாங்கி வந்ததும் ஃபிரிட்ஜில். சமையலறை அலமாரியில் அல்ல.

காசு வாங்குவது

சிங்கப்பூரில் வீட்டில் பீர் காய்ச்ச வயது 18 ஆகியிருக்க வேண்டும், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர், சொந்த உபயோகத்துக்கு மட்டும். கூட வேலை பார்ப்பவர் பாட்டிலுக்கு ஐந்து வெள்ளி நீட்டினால் வாங்காதீர்கள், சும்மா கொடுங்கள். வீட்டில் சாராயம் காய்ச்சி வடிப்பதற்கு அனுமதியே கிடையாது. அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டு என்னிடம் வராதீர்கள்.