வீட்டு லேத்துக்கு லைவ் டூலிங்: ஸ்பிண்டில் கட்டையை அதே லேத்துலயே போர் பண்ணுங்க

வீட்ல கட்டுன லேத்துல ஷாப்ட்டுக்கு குறுக்கால ஓட்டை போடணும், ஒரு ஃபிளாட் (தட்டையான முகம்) எடுக்கணும்னா ஜாபை சக்ல (ஜாபை பிடிச்சு சுத்துற தாடை) இருந்து கழட்டி டிரில்லிங் மெஷினுக்கு தூக்கிட்டு போகணும், கழட்டுன உடனே சென்டர் போயிடும். கிராஸ் ஸ்லைடு (டூலை குறுக்கால நகர்த்துற தட்டு) மேல தனி மோட்டார்ல சுத்துற சின்ன ஸ்பிண்டில் ஒன்னு இருந்தா சக்ல இருக்கும்போதே எல்லாத்தையும் முடிச்சிடலாம், இது தான் லைவ் டூலிங்.

முதல்ல டார்க் (சுத்துற விசை) கணக்கு போடுங்க, கைல கிடைச்ச மோட்டாரை வச்சு ஆரம்பிக்காதீங்க. மைல்டு ஸ்டீல்ல எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டுக்கு நிமிஷத்துக்கு 25 மீட்டர் கட்டிங் ஸ்பீட் வச்சா 6 எம்எம் பிட் சுமார் 1300 ஆர்பிஎம், 10 எம்எம் பிட் 800 தான். ஒரு சுத்துக்கு 0.1 எம்எம் பீட்ல (பிட் முன்னேறுற தூரம்) 6 எம்எம்க்கு சுமார் 1 நியூட்டன் மீட்டர் வேணும், 10 எம்எம்க்கு 3. ஆனா 3000 ஆர்பிஎம் ஓடுற 400 வாட் மோட்டார் நேரா குடுக்கிறது 1.3 கிட்ட தான், அதனால டிரில்லிங்குக்கு வேகம் மூணுல ஒன்னா குறையுற 1:3, சின்ன எண்ட் மில்லுக்கு (பக்கவாட்டுலயும் வெட்டுற கட்டர்) 1:1னு ரெண்டு ஸ்டெப் புல்லி வைங்க. பெல்ட் என் சாய்ஸ் பாலி-வி (நீளவாக்குல வி வரி வரியா இருக்குறது), பல்லு பெல்ட் வழுக்காதுன்னு சொல்லுவாங்க, பிட் மாட்டிக்கிட்டா பெல்ட் வழுக்குறது தான் பிட்டையும் ஜாபையும் காப்பாத்தும். ஸ்பிண்டில் புல்லியோட ரேடியஸ் கிராஸ் ஸ்லைடுல இருந்து சென்டர் வரைக்கும் இருக்குற உயரத்தை விட கம்மியா இருக்கணும், இல்லன்னா அடில இடிக்கும்.

ஸ்பிண்டிலுக்கு ஈஆர்16 கோலெட் (பிட்டை இறுக்கி பிடிக்கிற கூம்பு ஸ்லீவ்) போதும், 10 எம்எம் வரைக்கும் பிடிக்கும், நட் த்ரெட் எம்22x1.5. இஎன்24 (அலாய் ஸ்டீல்) ராடுல வெளி விட்டம், பேரிங் சீட் எல்லாம் ரெண்டு சென்டர் (ரெண்டு முனைலயும் தாங்குற கூம்பு) நடுவுல வச்சு முடிச்சிட்டு அப்புறமா முன் சீட்டுல ஸ்டெடி (ராடை தாங்குற ஸ்டாண்டு) வச்சு உள்ள ஒரு பக்கத்துக்கு 8 டிகிரி டேப்பர் போர் பண்ணுங்க, அப்ப தான் டேப்பரும் சீட்டும் ஒரே சென்டர்ல வரும். பேரிங் 7004 ஆங்குலர் காண்டாக்ட், 20x42x12, முன்ன ஒன்னு பின்ன ஒன்னு, ரெண்டோட முதுகும் (வெளி வளையம் தடிமனா இருக்குற பக்கம்) உள்பக்கம் பார்க்கணும், பின்னாடி நட்டு டைட் பண்ணா ப்ரீலோட் (ஆட்டம் இல்லாம பண்ற முன் அழுத்தம்) வரும்.

இப்ப பேரிங்கும் ஸ்பிண்டிலும் உக்கார்ற கட்டை, உயிரே இதுல தான் இருக்கு. காஸ்ட் அயர்ன் கிடைச்சா அதை எடுங்க, அலுமினியம்னா 20 டிகிரி சூடு ஏறினாலே 42 எம்எம் ஓட்டை பேரிங்கை விட 0.01 எம்எம் கிட்ட கூடுதலா விரிஞ்சு பிடிப்பு விட்டுடும். அடிப்பக்கத்தை நல்லா சமமாக்கி கிராஸ் ஸ்லைடுல போல்ட் போட்டு கிப்பை (ஸ்லைடை இறுக்குற பட்டை) லாக் பண்ணிட்டு, சக்ல பிட் மாட்டி பைலட் ஓட்டை போடுங்க. அப்புறம் சக்கை எடுத்துட்டு போரிங் பாரை ரெண்டு சென்டர் நடுவுல மாட்டி, டாக் (பாரை சுத்த வைக்கிற கிளாம்ப்) போட்டு சுத்த விட்டு, கேரேஜை (கிராஸ் ஸ்லைடை சுமந்து நீளவாக்குல ஓடுறது) நகர்த்தி போர் பண்ணுங்க. மொதல்ல முழுசா 36, அப்புறம் ரெண்டு முனைலயும் 42 சீட், கட்டையை அசைக்கவே கூடாது. சைஸ் பாக்க டெயில் ஸ்டாக்கை பின்னால தள்ளி பாரை எடுத்துட்டு பேரிங்கையே வச்சு பாருங்க, கை அழுத்தத்துல உள்ள போகணும் ஆட்டம் இருக்கக்கூடாது, சென்டர்ல தானே நிக்குது, பார் திரும்ப அதே இடத்துக்கு வந்து உக்காந்துக்கும். இப்படி பண்ணா சென்டர் ஹைட் தானா அமையும், உங்க லேத் கொஞ்சம் கோணலா இருந்தாலும் ஓட்டை கேரேஜ் ஓடுற திசைக்கு நேரா இருக்கும். குறுக்கு ஓட்டை போட அதே கட்டையை 90 டிகிரி திருப்பினா போதும், ஹைட் மாறாது, கோலெட்ல ஒரு கிரவுண்ட் ராடு பிடிச்சு சக்ல டயல் (நுணுக்கமா அளக்குற கேஜ்) வச்சு கிராஸ் ஸ்லைடை நகர்த்தி நேர் பண்ணிக்கோங்க.

அசெம்பிள் பண்ணதும் சும்மா கொஞ்ச நேரம் ஓட விடுங்க, கட்டை வெதுவெதுன்னு இருந்தா சரி, கை வைக்க முடியலன்னா நட்டு ரொம்ப டைட், லேசா தளர்த்துங்க.

மெயின் ஸ்பிண்டில் லாக் இல்லாம இதை தொடாதீங்க. பின்னாடி 60 பல்லு கியர் ஒன்னு மாட்டி பல்லு இடுக்குல கூம்பு முனை பின் இறங்குற மாதிரி பண்ணா 6 டிகிரி ஸ்டெப் கிடைக்கும், 2, 3, 4, 5, 6, 10, 12 பங்கு எல்லாம் வரும். அந்த பின் இறங்கினா மெயின் மோட்டார் ஸ்டார்ட்டே ஆகாதபடி ஒரு மைக்ரோ சுவிட்ச் கண்டிப்பா வைங்க, எமர்ஜென்சி ஸ்டாப் ரெண்டு மோட்டாரையும் நிறுத்தணும்.

மில்லிங் பண்ணும்போது கட்டர் சுத்துற திசைக்கு எதிரா தான் பீட் குடுக்கணும், கூடவே குடுத்தா ஸ்க்ரூல இருக்குற பேக்லாஷை (நட்டுக்கும் ஸ்க்ரூக்கும் நடுவுல இருக்குற ஆட்டம்) கட்டர் இழுத்துக்கிட்டு ஒரேயடியா ஜாபுக்குள்ள பாயும். நகராத ஸ்லைடை எல்லாம் லாக் பண்ணுங்க, ஆழம் 0.3 எம்எம்ல ஆரம்பிச்சு சத்தத்தை கேட்டுக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க.