தோரா சுருளை எடுத்து, வாசித்து, பேழையில் திரும்ப வைக்கும் முறை

யூதர்களின் ஜெப ஆலயத்தில் சுருள்களை வைக்கும் பேழை, அதன் முன் தொங்கும் திரை, அணையாவிளக்கு, வாசிப்பு மேடை, வெள்ளிக் கிரீடம் என எத்தனை இருந்தாலும் நடுநாயகம், மோசேயின் ஐந்து நூல்கள் அடங்கிய தோரா சுருள்தான். 304,805 எழுத்துகள். அத்தனையும் இறகுப் பேனாவால் தோலில் கையால் எழுதப்பட்டவை. அவற்றில் ஒன்று உதிர்ந்தாலும் சுருள் வாசிப்புக்கு ஆகாது. அதனால்தான் இவ்வளவு கவனம். இங்கே சொல்வது, சுருளைத் துணி உறையில் வைக்கும் அஷ்கெனாஸி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்) வழக்கம்.

வாசிக்க வேண்டிய இடத்துக்கு முன்கூட்டியே சுற்றி வையுங்கள். சபையைக் காத்திருக்க வைப்பது தவறு. சுருளின் இரு முனைகளும் சுற்றப்பட்டிருக்கும் இரண்டு தடிகளையும் சேர்த்தே திருப்ப வேண்டும். ஒன்றை மட்டும் பிடித்து இழுத்தால் தோல் இறுகி, மை உரசி உதிரத் தொடங்கும்.

மேடையில் கிடத்தியதும் முதலில் கிரீடம் அல்லது தடிகளின் உச்சியில் செருகும், மணிகள் கோத்த ரிம்மோனிம் என்னும் அணிகள், பிறகு மார்புத் தகடு, சுட்டுகோல், துணி உறை, கடைசியாகச் சுருளைக் கட்டியிருக்கும் கச்சை என்ற வரிசையில் கழற்றுங்கள். தோலில் வெறுங்கை படக்கூடாது. வாசிப்பவர் வரியைத் தொடர்வதற்குத்தான் ‘யாத்’ என்னும் சுட்டுகோல். ஆனால் அதுவும் எழுத்தின் மேல் உராயக்கூடாது, வெள்ளி முனை மையைச் சுரண்டிவிடும். வரிக்குச் சற்று மேலே பிடித்தால் போதும்.

பெரும்பாலும் சறுக்குவது ‘ஹக்பா’வில், அதாவது வாசித்து முடித்த சுருளை விரித்தபடி சபைக்குத் தூக்கிக் காட்டும்போது. சுருள் பத்து கிலோவோ அதற்கு மேலோகூட இருக்கும். அந்த எடை ஆண்டு முழுக்க இடம் மாறிக்கொண்டே இருக்கும்: எபிரேயம் வலமிருந்து இடமாக ஓடுவதால், முதல் நூலான ஆதியாகமம் வாசிக்கத் தொடங்கும் வாரங்களில் ஏறக்குறைய முழுச் சுருளும் இடது தடியில், கடைசி நூலான உபாகமத்தின் முடிவில் வலது தடியில். மணிக்கட்டில் வலுவில்லாதவர் இந்த இரு முனைகளிலும் தூக்க முன்வராமல் இருப்பதே நல்லது. எழுத்தின் மூன்று நெடும்பத்திகள் தெரியுமளவு விரியுங்கள். தோல் துண்டுகளைச் சேர்த்த தையல் ஒன்று நடுவில் வரட்டும். இழுபட்டால் தையல்தான் விடும், தோல் கிழியாது. சுருளைப் பாதியளவு மேசை விளிம்புக்கு வெளியே இழுத்து, முழங்காலை மடக்கி, கீழ்ப்பிடிகளை அழுத்தினால் மேசை விளிம்பே நெம்புகோலாகிச் சுருளை நிமிர்த்தும். கைவலுவால் மட்டும் தூக்கப் பார்த்தால் தள்ளாடும். சுருள் கீழே விழுந்துவிட்டால், அதைப் பார்த்தவர்கள் நோன்பிருப்பது வழக்கம்.

தூக்கியவர் உட்கார்ந்ததும் இன்னொருவர் சுற்றிக் கச்சை கட்டுவார். தடிகள் விலகாத அளவுக்கு இறுக்கினால் போதும். பிறகு உறை, தகடு, சுட்டுகோல், கிரீடம்.

கொச்சி யூதர்களின் வழக்கம் வேறு. அங்கே சுருள் ‘திக்’ என்னும் விறைப்பான பெட்டிக்குள் நின்றபடியே இருக்கும்; திறந்து, நிமிர்ந்த நிலையிலேயே வாசிக்கலாம். கொச்சியின் மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தில், கீழே நடுவில் ஒரு மேடையும் மாடியில் இன்னொரு மேடையும் உண்டு. இரண்டாம் மேடை கேரள யூதர்களுக்கே உரிய அமைப்பு.

பேழைக்குள் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் பூஞ்சை, மிகக் குறைந்தால் மை வெடித்து உதிரும். பிளாஸ்டிக் உறையில் சுற்றாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிவிடும். வெள்ளியை மெருகேற்றுவதென்றால் சுருளிலிருந்து கழற்றி வேறு அறையில் செய்யுங்கள்.

வாசிக்கும்போது எழுத்துப் பிழை தெரிந்தால், கச்சையை உறைக்கு வெளியே கட்டி வையுங்கள். அடுத்தவர் தெரியாமல் அதை எடுத்துவிடக்கூடாது. ஒட்டு நாடாவால் ஒட்டாதீர்கள், பசை தோலைக் கெடுக்கும். திருத்துவது சோஃபேர் எனப்படும் எழுத்தரின் வேலை. சாதாரணச் சொல்லில் பிழையென்றால் சுரண்டி மறுபடி எழுதுவார். பிழை கடவுளின் பெயரில் என்றால் சுரண்டுவதற்கே அனுமதியில்லை, அந்தத் தோல் துண்டையே எடுத்துவிட்டுப் புதிதாக எழுதிச் சேர்க்க நேரிடும்.