மான் வெருளாமல் கமரா கட்டுவது

டவுன்காரரிடம் "மான் கமராவுக்குப் பயப்படுமா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். திருகோணமலைக் கோட்டைக்குள் நிற்கிற புள்ளிமான் கமராவுக்கென்ன, பஸ் ஹோர்னுக்கே காதை அசைக்காது. கோணேஸ்வரத்துக்கு வருகிறவர்களில் யார் கையில் வாழைப்பழம் இருக்கிறது என்பதுதான் அதற்குக் கணக்கு. ராத்திரியில் தெருவோரத்தில் குப்பைப் பையைக் கிளறிக்கொண்டு நிற்கும். மோட்டார் சைக்கிள்தான் சுற்றிப் போக வேண்டும்.

அதே புள்ளிமான் கும்புறுப்பிட்டிப் பக்கம் போனால் வேறு பிறவி. அங்கே காட்டோரமாக என் மாமனாருக்கு ஒன்றரை ஏக்கரில் கௌபிப் பயற்றுத் தோட்டம். ராத்திரியில் வந்து மேய்வது மானா, முயலா, பன்றியா என்று தெரிய வேண்டும் என்றார். நான் சீசீடிவி பூட்டுகிற தொழில் செய்கிறவன், இது நமக்கு ஒரு வேலையா என்று நினைத்து ஏதாவது முன்னால் அசைந்தால் தானாகப் படமெடுக்கிற ஒரு ட்ரெயில் கமரா வாங்கிக்கொண்டு போனேன். வேலி பிரிந்திருந்த இடத்துக்கு நேரெதிரே, இடுப்பளவு உயரத்தில், வள்ளத்துக்குக் கட்டுகிற நீல நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். மறைத்த கிளைகளையெல்லாம் வெட்டித் துப்புரவாக்கினேன். பிறகு ஒவ்வொரு நாளும் பின்னேரம் போய் கார்டைக் கழற்றிப் பார்த்தேன்.

ஒன்பது நாள் ஒன்றுமில்லை. மாமாவுக்குச் சரியான சந்தோசம். "உந்தப் பெட்டி கட்டின நாளிலயிருந்து ஒரு மானும் உள்ளுக்க வரேல்ல தம்பி. இன்னும் நாலைஞ்சு இருந்தாக் கொண்டு வாங்கோ" என்றார். எனக்குப் படம் வேண்டும், அவருக்குக் கௌபி வேண்டும். ஒரே பெட்டியை வைத்து இரண்டு பேரும் இரண்டு வேண்டுதல் வைத்திருந்தோம்.

அந்த ஒன்பது நாளில் செய்த பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்தியதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில், மான் வெருண்டதா இல்லையா என்பதை கமராவிடமே கேட்காதீர்கள். முன்னால் வந்த மானை மட்டும்தான் அது காட்டும். பத்தடி தள்ளி நின்று மணம் பிடித்துவிட்டுத் திரும்பிப் போனது கார்டில் இருக்காது. வெறும் கார்டைப் பார்த்து "மான் வரவில்லை" என்று நானும் மாமாவும் நினைத்தோம். மான் வந்திருந்தது. வேலிக்கு வெளியே மணலில் குளம்படி பார்த்த பிறகுதான் அது விளங்கியது.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. நம் பக்கம் மணலுக்குப் பஞ்சமில்லை. மான் வருகிற ஒற்றையடிப் பாதையில், கமராவுக்கு இருபதடி முன்னாலிருந்து ஒரு பாய் அகலத்துக்கு மணலை ஒரு பலகையால் இழுத்து மட்டமாக்கிவிடுங்கள். மண் இறுகலாக இருந்தால் இரண்டு வாளி மணல் கொண்டுபோய்க் கொட்டலாம். காலையில் பாருங்கள். அடி நேராகப் போயிருந்தால் பிரச்சினை இல்லை. ஒரே இடத்தில் முன்கால் அடி நாலைந்து தரம் ஆழமாக விழுந்திருந்தால், மான் அங்கே நின்று காலால் தட்டியிருக்கிறது. சந்தேகம் வந்தால் அது செய்கிற வேலை அது, கூட்டத்தில் மற்றதுகளுக்கும் அறிவித்தல். குளம்பின் இரண்டு பாதியும் அகல விரிந்து, மணல் பின்னால் சிதறிக் கிடந்தால் பாய்ந்து ஓடியிருக்கிறது. அடி வட்டம் போட்டு வேலிக்கு அப்பால் போயிருந்தால் பெட்டியைச் சுற்றிப் போகிறது என்று அர்த்தம். இதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். கையில் இரண்டாவது கமரா இருந்தால், தூரத்திலிருந்து முதல் கமராவையே பார்க்கிற மாதிரி அதைக் கட்டலாம். நான் பிறகு அப்படித்தான் செய்தேன். ஆனால் அதிகம் சொல்லித் தந்தது மணல்தான்.

அடுத்தது வெளிச்சம். கடையில் இரண்டு வகை விற்கிறார்கள். இரவில் படமெடுக்க அகச்சிவப்பு வெளிச்சம் அடிப்பவை, வெள்ளை ஃபிளாஷ் அடிப்பவை. வெள்ளை ஃபிளாஷை விட்டுவிடுங்கள், அது மானுக்கு மட்டுமல்ல, பக்கத்துத் தோட்டக்காரருக்கும் தொல்லை. அகச்சிவப்பிலும் இரண்டு. அலைநீளம் 850 நானோமீற்றர் என்றால் இரவில் பல்புகள் மங்கிய நெருப்புத் தணல் மாதிரி சிவந்து தெரியும். 940 என்றால் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. டிவி ரிமோட்டின் முனையில் இருப்பதும் பெரும்பாலும் இந்த 940தான். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் வீட்டிலேயே பாருங்கள். அறையை இருட்டாக்கி கமராவுக்கு முன்னால் நடங்கள். சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் 850. ஒன்றும் தெரியாமல், ஃபோனின் முன்பக்கக் கமராவில் மட்டும் ஊதா வெளிச்சம் தெரிந்தால் 940. அதற்கு ஒரு விலை உண்டு. 940இல் வெளிச்சம் தூரம் போகாது, படம் புள்ளி புள்ளியாக இருக்கும்.

மானின் கண் நம் கண் மாதிரி இல்லை. 1994இல் அமெரிக்காவில் வெள்ளைவால் மானுக்கும் ஃபேலோ மானுக்கும் கண்ணை அளந்து பார்த்தார்கள். நமக்கு நிறம் பிரிக்க மூன்று வகைக் கலங்கள், அவற்றுக்கு இரண்டுதான். நீலம் நன்றாகப் பிடிபடும், சிவப்புப் பக்கம் மந்தம். நம் புள்ளிமானும் அதே குடும்பம். ஆகவே நான் சிவப்புத் தணலைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, மானுக்குப் பளிச்சென்று தெரிந்திருக்கக்கூடியது என் நீலக் கயிறு. தும்புக் கயிற்றால் கட்டுங்கள். அது கிடைக்காவிட்டால் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டலாம்.

வெளிச்சத்தைவிட நான் எண்ணியே பார்க்காத ஒன்று சத்தம். இரண்டாவது கமரா எடுத்த ஒரு வீடியோவில்தான் கண்டுபிடித்தேன். ஆகஸ்ட் மாதம், மாலை 6:34. சூரியன் விழுந்துவிட்டது, வானம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. ஒரு பெட்டை மான் தலையைக் கீழே போட்டபடி வேலி வழியாக வருகிறது. முதல் கமராவுக்குப் பத்துப் பன்னிரண்டடி தூரத்தில் சட்டென்று நிற்கிறது. தலை நிமிரவில்லை. இடது காது மட்டும் தனியாகத் திரும்புகிறது, கமரா இருக்கிற பக்கம். பிறகுதான் தலை. வால் மெல்ல உயர்ந்து அடிப்பக்க வெள்ளை தெரிகிறது. ஓடவில்லை. பின்னங்கால்களை எடுத்து வைத்து, வந்த வழியே நடந்து போகிறது.

முதல் கமராவின் கார்டில் அதே நேரத்துக்கு ஒரு படம் இருந்தது. அன்றைய முதல் கறுப்பு வெள்ளைப் படம் அதுதான். பகல் படத்திலிருந்து இரவுப் படத்துக்கு மாறும்போது உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி வடிகட்டி நகரும். "டிக்" என்று ஒரு சத்தம். சீசீடிவியிலும் அதே சாமான்தான், ஆனால் கடை வாசலில் அதை யார் கேட்கிறார்கள்? மான் வெளிக்கிடுகிற அந்திப் பொழுதில்தான் கமராவும் டிக் போடுகிறது. 2014இல் ஆஸ்திரேலியாவில் பல மாதிரிக் கமராக்களைப் பரிசோதித்தபோதும், எல்லாமே விலங்குக்குக் கேட்கிற ஏதோ ஒரு சத்தம் போட்டன. வாங்க முதல் சோதியுங்கள். கமராவை ஓன் செய்து, முன்பக்கத்தைக் கையால் பொத்தி, காதோடு வைத்துக் கேளுங்கள். பகலுக்கும் இரவுக்கும் தனித்தனி லென்ஸ் உள்ளவையும் உண்டு, அவற்றில் நகர்கிற வடிகட்டி தேவைப்படாது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் பாதையிலிருந்து பதினைந்து, இருபதடி தள்ளிக் கட்டுங்கள். சத்தம் மங்கிவிடும். பஞ்சு சுற்றுகிற யோசனை எனக்கும் வந்தது. வேண்டாம், எறும்புக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆகும்.

உயரம். இடுப்பளவு என்பது மானின் முகத்துக்கு நேரே. ஆறு, ஆறரை அடி உயரத்தில் கட்டி, மேல்பக்கம் ஒரு சிராய்க்கட்டையைச் செருகிக் கீழே சாயுங்கள். பாதைக்குக் குறுக்கே நேராகப் பார்க்க வைக்காமல் சரிவாக, பாதை நெடுக ஓடுகிற மாதிரித் திருப்பினால் மான் கொஞ்ச நேரம் படத்துக்குள் இருக்கும், பெட்டியும் அதன் முகத்தில் இடிக்காது. கிழக்கையும் மேற்கையும் பார்க்க வைத்தால் காலையும் மாலையும் வெயில் லென்ஸுக்குள் விழும். கச்சான் காற்றில் ஆடுகிற புல் முன்னால் இருந்தால் கார்ட் முழுவதும் புல்தான். அதை மட்டும் வெட்டுங்கள். முழு மரத்தையும் மொட்டையடித்தால் அந்த இடமே மானுக்குப் புது இடமாகிவிடும்.

சூட்டையும் சொல்ல வேண்டும். இந்தக் கமரா மானைப் பார்த்துப் படமெடுப்பதில்லை. சுற்றியிருக்கிற சூட்டிலிருந்து வித்தியாசமான ஒரு சூடு அசைந்தால்தான் அதற்குத் தெரியும். ஜூன், ஜூலையில் நம் பக்கம் பகல் 35 பாகையைத் தாண்டும்போது மானின் தோலும் மண்ணும் ஏறத்தாழ ஒரே சூடு. மான் முன்னால் நடந்து போனாலும் கமரா தூங்கும். அதனால் கார்டில் மத்தியானப் படம் இல்லையென்றால் உடனே மான் வெருண்டுவிட்டது என்று சொல்ல வேண்டாம், மணலைப் பாருங்கள்.

இனிக் கடைசியும் பெரியதுமான பிழை, நான்தான். கமரா ஒரு தரம் வந்து அப்படியே இருக்கிறது. நான் தினமும் வேர்வை, தைலம், பெற்றோல் எல்லாம் மணக்க மானின் பாதையிலேயே நடந்து போய், அதன் மூக்குக்கு நேரே நின்று பெட்டியைத் தடவிவிட்டு வந்தேன், அதுவும் அது வெளிக்கிடுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். இப்போது இரண்டு கிழமைக்கு ஒரு தரம்தான் போகிறேன். மான் நிழலில் படுத்திருக்கிற உச்சி வெயில் நேரம், பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் இடையில். பாதையை மிதிக்காமல் பின்பக்கமாக, காற்று என்னிடமிருந்து காட்டுக்குள் போகாத நாளாகப் பார்த்து. கார்டை அங்கே நின்று பார்ப்பதில்லை. வேறு கார்டைப் போட்டுவிட்டு வந்துவிடுவேன். கட்ட முதல் கமராவை இரண்டு நாள் மாட்டுக் கொட்டிலில் தொங்கவிடுவேன். கடையின் பிளாஸ்டிக் மணம் அதில் போய்விடும்.

உண்மையில் மானுக்குப் பிடிக்காதது கமரா என்று தோன்றவில்லை, நேற்று இல்லாதது எதுவும் பிடிக்காது. அதனால் இப்போது கமராவுக்கு முதல் அதே அளவில் கறுப்பு மை பூசிய ஒரு மரப்பெட்டியை இரண்டு கிழமை கட்டி வைக்கிறேன். மணலில் அடி நேராகப் போகத் தொடங்கிய பிறகு பெட்டியைக் கழற்றி அதே ஆணியில் கமரா.

மற்ற விஷயங்கள் சுருக்கமாக. குரங்கு பட்டியை அவிழ்க்கும், வயர் போட்டு முறுக்குங்கள். கடற்காற்றில் பற்றரி முனையில் பச்சை பூக்கும், கார்ட் மாற்றும்போது துடையுங்கள். யானைக்கு மருந்தில்லை, எனக்கு ஒன்று அப்படிப் போனது. பெண்கள் குளத்துக்குக் குளிக்கப் போகிற பாதையைப் பார்க்கிற மாதிரி ஒருபோதும் கட்டாதீர்கள். சரணாலயத்துக்குள்ளும் தேசிய வனத்துக்குள்ளும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, அங்கே மரத்தில் பெட்டி கட்டுகிற எண்ணமே வேண்டாம். மான் வேட்டை சட்டப்படி குற்றம், ஆனாலும் சுருக்குக் கம்பி வைக்கிறவன் இருக்கிறான். ஃபேஸ்புக்கில் படம் போட்டாலும் இடத்தைப் போடாதீர்கள்.

இந்த மாற்றங்களுக்குப் பிறகு மூன்றாம் கிழமையில் முதல் படம் வந்தது. ஐந்து மான், நடுவில் ஒரு குட்டி, எல்லாம் கௌபிக்குள். மாமாவிடம் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். மான் அவருக்கு ஒரு பொருட்டாக இல்லை. "பின்னால கறுப்பா நிக்கிறது பன்றியெல்லோ? உதை மேற்கு மூலைக்கு மாத்திக் கட்டினாப் பன்றி வாற வழி தெரியும்" என்றார். வருகிற ஞாயிறு வந்து மாற்றித் தருகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது கமரா மேற்கு மூலையில் இருந்தது. இடுப்பளவு உயரத்தில், நீலக் கயிற்றால், நல்ல இறுக்கமாகக் கட்டியிருந்தார்.