பிரைடிலில் கை வைக்கும் முன்

கைட்சர்ஃபிங்கில், அதாவது பெரிய கைட் இழுக்கப் பலகையில் நின்று தண்ணீர் மேல் ஓடும் விளையாட்டில், சில நாள் இப்படி ஆகும்: காற்று நன்றாக இருந்தும் கைட் தலைக்கு மேல் நிற்காமல் பின்பக்கமாகச் சரிகிறது. உடனே பிரைடிலை, அதாவது கைட்டின் முன்விளிம்பில் கிளைகிளையாகக் கட்டியிருக்கும் குட்டைக் கயிறுகளை, பிரித்து நீளத்தை மாற்றத் தொடங்குவார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது. கைட்டையும் ஓட்டுபவரையும் இணைக்கும் நான்கு நீளக் கயிறுகள்தான் லைன்கள். அவற்றில் முன் லைன்கள் இழுவையில் பெரும்பங்கைச் சுமப்பதால் நாளடைவில் நீண்டுவிடும். பின் லைன்கள் உப்பும் மணலும் ஏறிச் சற்றுச் சுருங்கும். நான்கு லைன் முனைகளையும் ஒரே கம்பத்தில் மாட்டி, டிரிம்மை (முன் லைன்களின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) முழுதாகத் தளர்த்தி, பாரை (கையில் பிடித்து ஓட்டும் தடி) உங்கள் பக்கம் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். பார் கோணினாலோ முன் லைன்கள் தொங்கினாலோ லைன்களைச் சமன் செய்தால் போதும்.

பிரைடில்தான் காரணம் என்று உறுதியானால், முதலில் படம் எடுத்து வையுங்கள். பிறகு இடப்பக்கக் கயிறுகளை வலப்பக்கத்தோடு சேர்த்து, ஒரே அளவு இழுத்துப் பிடித்து ஒப்பிடுங்கள். தேய்ந்த பக்கத்தை மட்டும் மாற்றுவது பொய்ச் சிக்கனம். பழையதும் புதியதும் நீளத்தில் ஒத்துப்போகாமல் கைட் ஒரு பக்கமாகவே இழுக்கும்.

எனக்கு மிகவும் பயம் தருவது, நீளம் குறைக்க நடுவில் போடும் முடிச்சு. பிரைடில் கயிறு டைனீமா என்ற வழுக்கும் செயற்கை இழையால் ஆனது. சாதாரண முடிச்சு நழுவிவிடும். நழுவாவிட்டாலும் கயிற்றின் பலத்தில் ஏறக்குறையப் பாதி போய்விடும். அந்த முடிச்சு, பிரைடில் கயிறு ஓடும் சிறு கப்பியில் போய்ச் சிக்கினால் நிலைமை இன்னும் மோசம். பாரைத் தள்ளிவிட்டாலும் இழுவை சரியாகக் குறையாது, கைட் சுழலவும் தொடங்கலாம். கடையில் கிடைக்கும் நைலான் கயிறும் வேண்டாம், அது இழுபடும். அந்த மாடலுக்கென்றே வரும் கயிற்றை வாங்குங்கள்.

கப்பியை யாரும் கவனிப்பதில்லை. இலங்கையின் கற்பிட்டியில் மே முதல் அக்டோபர் வரை காற்றுக்காலம். உப்புத் தண்ணீரில் ஓட்டிவிட்டு அப்படியே பையில் திணித்தால் சக்கரம் இறுகி, அதன் மேல் உராயும் கயிறு இழை இழையாகப் பிரியும். நல்ல தண்ணீரில் அலசி, விரலால் சுற்றிப் பாருங்கள்.

பாரில் வரும் அழுத்தம்தான் பிடிக்கவில்லை என்றால் பிரைடிலைத் தொடவே வேண்டாம். பல கைட்களில் பின் லைன் மாட்டும் இடத்திலேயே இரண்டு மூன்று நிலைகள் உண்டு. இரு பக்கமும் ஒரே நிலையில் மாட்டுங்கள்.

எதை மாற்றினாலும் ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். சோதனைக்குக் காற்று குறைந்த நாளாகப் பாருங்கள். காற்று போகும் திசையில் ஆளோ பாறையோ இருக்கக் கூடாது. ஆழமில்லாத தண்ணீரில் நின்று, முதல் வேலையாக க்விக் ரிலீஸை (ஆபத்தில் கைட்டின் இழுவையை உடனே விடுவிக்கும் பாதுகாப்பு அமைப்பு) இயக்கி, கைட் இழுவையை இழந்து தண்ணீரில் விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லையென்றால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடுங்கள்.