வைஃபை கமரா பூட்டும்போது கொழும்பு வீடுகளில் நடக்கும் தவறுகள்

யூனிட்டி பிளாசாவுக்கோ புறக்கோட்டைக்கோ கமரா வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை மெகாபிக்சல் என்பதைத்தான். ஆனால் களவு போன பிறகு பதிவைத் தேடி ஒன்றும் கிடைக்காமல் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அது இல்லை. அந்த நேரத்தில் கரண்ட் இருந்திருக்காது, வைஃபை எட்டியிருக்காது, அல்லது மெமரி கார்ட் எப்போதோ பழுதாகியிருக்கும். கமராவுக்கு ஒதுக்கிய காசில் கொஞ்சத்தை எடுத்து இந்த மூன்றுக்கும் செலவழியுங்கள் என்றுதான் என்னிடம் கேட்கிறவர்களுக்குச் சொல்வேன்.

படத்தை அனுப்பத்தான் கம்பி தேவையில்லை. பட்டரி இல்லாத கமராவுக்கு எந்நேரமும் மின்சாரம் வேண்டும். சுவரில் துளை போடுவதற்கு முன் பக்கத்தில் பிளக் இருக்கிறதா என்று பாருங்கள். கேற் தூணில் கமராவைப் பூட்டிவிட்டு, வீட்டுக்குள்ளிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து மழையில் போட்டிருக்கும் வளவுகளைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. 230 வோல்ட், ஈரமான தரை, வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள். தயவுசெய்து அந்த வேலையை வயரிங் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

2022இல் ஒரே நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் கரண்ட் நின்றது. அப்படியான நேரத்தில் கமராவுக்குப் பட்டரி இருந்தாலும் ரவுட்டர் அணைந்துவிட்டால் உங்கள் போனுக்கு எச்சரிக்கை வராது. கரண்ட் நின்றாலும் பட்டரியில் ரவுட்டரை ஓட்டும் சின்ன யூபிஎஸ் ரவுட்டருக்கென்றே விற்கிறது, ஒன்று வாங்கி வையுங்கள். ரவுட்டரின் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், அம்பியர் இரண்டும் அதோடு பொருந்த வேண்டும்.

சரி, பட்டரி கமராவே வாங்கிவிடலாம் என்றால் அதிலும் கவனம் தேவை. அவற்றில் பெரும்பாலானவை தொடர்ந்து பதிவதில்லை. உடல் சூட்டை உணரும் சென்சர் எழுப்பினால்தான் பதியத் தொடங்கும். சுற்றுப்புறச் சூட்டுக்கும் மனித உடலின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது பிடிக்கிறது. ஏப்ரல் மாதத்துக் கொழும்பு மத்தியானத்தில் அந்த வித்தியாசம் சுருங்கிவிடுவதால், பெட்டியில் போட்டிருக்கும் தூரம் கிடைக்காது. கமராவை நோக்கி நேராக வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை அது சுலபமாகப் பிடிக்கும் என்பதால், பாதைக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் வைப்பது நல்லது. ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்தால் அந்தச் சென்சர் வெளியே நடப்பதை உணராது. இரவில் கமராவின் அகச்சிவப்பு வெளிச்சமும் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படம் வெறும் வெள்ளையாகத் தெரியும்.

ரவுட்டர் தரும் 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில், வீட்டுக் கமராக்களில் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் வேலை செய்யும். முதன்முதலில் இணைக்கும்போது போன் 5 கிகாஹேர்ட்ஸில் இருந்தால் சில கமராக்கள் இணையவே மாட்டா. பழுதான கமரா என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவதற்கு முன் இதைப் பாருங்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் மேல், கீழ், பக்கம் என்று எல்லா வீட்டு ரவுட்டரும் ஒரே அலைவரிசையில் முட்டிக்கொள்கின்றன. ரவுட்டரின் அமைப்புக்குள் போய் 1, 6, 11 ஆகிய சானல்களில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். கொன்கிரீட் சுவர் இரண்டு குறுக்கே நின்றால் அதுவும் போதாமல் போகலாம். அதனால் கமராவைப் பூட்ட நினைக்கும் இடத்தில் ஒருவரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி, கதவுகளைச் சாத்திவிட்டு, போனில் நேரடிப் படம் தடங்காமல் வருகிறதா என்று பார்த்த பிறகே துளை போடுங்கள்.

காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் உப்புக்காற்று இன்னொரு தலைவலி. ஐபி66 என்ற பாதுகாப்புக் குறியீடு தூசிக்கும் தண்ணீருக்கும் மட்டும்தான், உப்பு அரிப்புக்கு இல்லை. அந்தப் பாதுகாப்பும் கமராவின் உடலுக்குத்தான், அதன் வயர் நுனியில் உள்ள இணைப்புக்கு இல்லை. அந்த இணைப்பைத் தண்ணீர் புகாத பெட்டிக்குள் வையுங்கள். கடலைப் பார்த்து வைத்தால் பின்னேரம் முழுக்க வெயில் லென்ஸில் விழுந்து, வருபவரின் முகம் கறுப்பாகத்தான் தெரியும். மிக உயரத்தில் பூட்டினால் தலைமுடிதான் பதியும். இரண்டரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டர் வரை போதும்.

மெமரி கார்ட் விஷயத்தில் கணக்குப் பாருங்கள். நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஓயாமல் பதிந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 22 ஜிபி போகும். 64 ஜிபி கார்ட் மூன்று நாளில் நிறைந்து, பழையதை அழித்து எழுதத் தொடங்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போய் ஒரு கிழமை கழித்து வருபவருக்கு முதல் நாள் நடந்தது கிடைக்காது. ஓயாமல் அழித்து எழுதுவதால் சாதாரணக் கார்ட் சீக்கிரம் பழுதாகும். கண்காணிப்புக் கமராவுக்கென்று விற்கும் கார்டை வாங்கி, இடைக்கிடை பழைய பதிவு ஒன்றைத் திறந்து பாருங்கள்.

இனி, எனக்கு மிகவும் கவலை தருவது. கமரா பூட்ட வருகிற பொடியன் தன் போனில், தன் இமெயிலில் கணக்குத் திறந்து, அப்புறம் உங்களுக்குப் "பகிர்ந்து" விட்டுப் போகிறான். அவன் நல்லவனாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தக் கமராவின் உரிமையாளர் அவன்தான். உங்கள் வரவேற்பறையை அவன் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். பல கமராக்களை அவன் தன் கணக்கிலிருந்து நீக்காமல் உங்கள் பெயருக்கு மாற்றவும் முடியாது. காசு கொடுப்பதற்கு முன், உங்கள் போனில் உங்கள் இமெயிலில் கணக்குத் திறந்து கமராவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லை நீங்களே தட்டுங்கள், கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போடுங்கள். கனடாவில் இருக்கும் மகளும் லண்டனில் இருக்கும் தம்பியும் அம்மாவைப் பார்க்க ஆசைப்படுவார்கள். ஒரே கடவுச்சொல்லைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாமல், செயலியில் உள்ள பகிரும் வசதி மூலம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுமதி கொடுங்கள். வேண்டாதபோது ஒருவரை மட்டும் நீக்கலாம். தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கமராக்கள், ரவுட்டர்கள் போன்றவற்றைப் பிடித்துத்தான் 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது.

அந்த அம்மாவிடமும் கேளுங்கள். படுக்கையறையில் கமரா வைக்க அவருக்குச் சம்மதமா என்று கேட்காமலே வைத்துவிடுகிறார்கள். வேலைக்கு வருபவரிடமும் கமரா எங்கெங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிநபரின் வீட்டுத் தேவைக்கு விலக்கு தருகிறது. அதற்காகப் பக்கத்து வீட்டுக் குளியலறை ஜன்னலைக் கமராவுக்குள் எடுப்பது சரியாகிவிடாது. பல செயலிகளில் படத்தின் ஒரு பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுப் போனில் அந்தப் படத்தைக் காட்டிவிடுங்கள்.