மொறிஸ் மைனர் மிஸ் அடித்தால் முதலில் என்ன பார்ப்பது?

கார் மிஸ் அடிக்கிறது, அதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் எஞ்சின் உதறுகிறது என்றதும் எங்கள் கிளிநொச்சிப் பக்கத்தில் பலரும் முதலில் மாற்றுவது பிளக்கைத்தான். பொருளாதாரத் தடைக் காலத்தில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் கார் ஓடிய ஊர் இது. அப்போது பிளக் அடிக்கடி கரி பிடிக்கும். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. ஆனால் எதையும் வாங்குமுன், எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடியுங்கள். நான் எப்போதும் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

காரை வெளியில், காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹாண்ட்பிரேக்கை இழுத்துவிடுங்கள். சாரத்தோடு பொனெற்றுக்குள் குனிய வேண்டாம், ஃபான் இழுத்துவிடும்.

எஞ்சினை நிறுத்தி, ரேடியேற்றர் பக்கத்து முதல் பிளக் வயரைக் கழற்றுங்கள். அதில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, அதன் இரும்புப் பகுதி எஞ்சினில் நன்றாகத் தொடும்படி, காபரேற்றரிலிருந்து தூரத் தள்ளி வையுங்கள். ஸ்ரார்ட் பண்ணியபின் வயரைத் தொடக்கூடாது. எஞ்சின் முன்பைவிட மோசமாக உதறினால் அந்தச் சிலிண்டர் நல்லது. சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் குற்றவாளி அதுதான். நான்கையும் இப்படியே ஒவ்வொன்றாகப் பாருங்கள். இது பொயின்ற் (டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் தொடுமுனை) வைத்த பழைய கார்களுக்கு மட்டும். கம்பியூட்டர் உள்ள புதுக் கார்களில் செய்ய வேண்டாம்.

வெளியே வைத்த பிளக்கில் நீல நிறமாகப் பொறி சடசடவென்று அடிக்கிறதா? அப்படியானால் வயர் வரை சரி. உள்ளே இருக்கும் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஸும் கூடவே அந்தச் சிலிண்டருக்கு மாறினால் பிளக்தான் பழுது. புதுப் பிளக்கின் இடைவெளி 0.64 மில்லிமீற்றர்.

பொறியே இல்லையென்றால் வயரையும், நான்கு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ரிபியூட்டரின் மூடியையும் பாருங்கள். மாரி மழைக்காலத்தில் காலையில் மட்டும் மிஸ் அடித்து, சூடானதும் சரியாகிறதென்றால் பெரும்பாலும் மூடிக்குள் ஈரம்தான். உலர்ந்த துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: பென்சிலால் கீறியது போல மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் மின்சாரம் அதன் வழியே கசிகிறது. துடைத்துப் பயனில்லை, மூடியை மாற்றவேண்டும். வயர்களைத் திரும்பப் போடும்போது சிலிண்டர்களுக்குப் பொறி அடிக்கும் 1-3-4-2 என்ற ஒழுங்கு மாறக்கூடாது.

நான்கு சிலிண்டரும் மாறி மாறி மிஸ் அடித்தால் பொயின்றைப் பாருங்கள். நன்றாகத் திறந்திருக்கும்போது இடைவெளி 0.38 மில்லிமீற்றர் இருக்கவேண்டும். பொயின்றிலேயே பளீரென்று பொறி பறந்தால், அந்தப் பொறியை அடக்கும் கொன்டென்சரை மாற்றுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஒரு சிலிண்டர் அடிக்கவில்லையா? சாவியை எடுத்துவிட்டு, முன்பக்க ஹாண்டிலால் எஞ்சினை மெதுவாகச் சுற்றுங்கள். ஒவ்வொரு அரைச் சுற்றிலும் கைக்கு ஒரு இறுக்கம் தெரியவேண்டும். நான்கில் ஒன்று இலகுவாகப் போனால் வால்வு அல்லது பிஸ்ரன் ரிங் வேலை. அதற்கு கராஜுக்குத்தான் போகவேண்டும்.