பெயரைப் பிடித்துக்கொண்டு ஒராங்குட்டானைத் தேடாதீர்கள்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் மாட்டுச் சந்தைக்கு அப்பிச்சி (அம்மாவின் அப்பா) என்னைக் கூட்டிப் போவார். தரகர் ஒரு காங்கேயம் காளையின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வருவார்: இன்னார் தொழுவத்தில் பிறந்தது, பேரு இது, தாய் இப்படிப்பட்டது. அப்பிச்சி எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். நேராகப் போய் வாயைப் பிரித்துப் பல் பார்ப்பார். பிறகு நெற்றியிலும் முதுகிலும் சுழி தேடுவார். அதற்கப்புறம்தான் யார் யார் கை மாறி வந்தது என்ற விசாரணை. "பேரை நாளைக்கே மாத்திக்கலாங் கண்ணு, சுழியை மாத்த முடியுமா?" என்பார்.

சில வருஷங்களாக நான் உயிரியல் பூங்காக்களில் வாழ்ந்த ஒராங்குட்டான்களின் வாழ்க்கையைத் தேடித் தொகுத்து வருகிறேன். எங்கே பிறந்தது, எந்தெந்த ஊரில் இருந்தது, யாருக்குத் தாய், எங்கே இறந்தது. ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு இதென்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. திம்பம் மலை ஏறி இறங்கினால் மைசூர். அங்கே 2021-ல் மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஒராங்குட்டான்கள் வந்தன. விடுமுறைக்குப் போய்வரும் நம்மூர்ப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு "இதோட அம்மா எங்கே?" என்று கேட்கிறார்கள். சரியான கேள்வி அது. காட்டில் ஒராங்குட்டான் குட்டி ஏழெட்டு வருஷம் தாயை விட்டுப் பிரியாது. அந்தக் காலத்தில் குட்டியைப் பிடிக்கத் தாயைச் சுட்டுக் கொன்றார்கள். அப்படிப் பறித்துக்கொண்டு வந்த உயிரின் கதையைத் தப்பாக எழுதினால் அதற்கு இரண்டாவது முறையும் அநியாயம் செய்கிறோம். இந்தத் தேடலில் இறங்குகிறவர்கள் எங்கெங்கே சறுக்குகிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒரு பெயர், இரண்டு உயிர்

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். நானும் செய்திருக்கிறேன். ஒரு பூங்காவின் பழைய பட்டியலில் ஒரு பெண் ஒராங்குட்டான் வெளியே போகிறது. அடுத்த வருஷம் வேறொரு பூங்காவுக்கு அதே பெயரில் ஒரு பெண் வருகிறது. வயதும் ஏறக்குறைய ஒன்று. இரண்டையும் ஒன்று என்று சேர்த்து, அதன் பிள்ளைகள் வரைக்கும் எழுதி முடித்துவிட்டேன். பிறகு இரண்டு பூங்காக்களிலிருந்தும் படங்கள் கிடைத்தன. முதலாவதன் இடது சுண்டுவிரல் உள்ளே மடங்கி நிமிராமல் இருந்தது. இரண்டாவதன் விரல்கள் பத்தும் நேராக இருந்தன. எழுதியது அத்தனையும் இரண்டு உயிர்களின் கலவை.

லண்டன் பூங்காவின் ஜென்னி கதையும் இப்படித்தான். டார்வின் 1838 மார்ச்சில் ஜென்னி என்ற ஒராங்குட்டானைப் பார்த்தார். விக்டோரியா ராணி 1842-ல் ஜென்னி என்ற ஒராங்குட்டானைப் பார்த்தார். டார்வின் பார்த்த ஜென்னி 1839-லேயே இறந்துவிட்டது. ராணி பார்த்தது அதே பெயரில் வந்த இன்னொன்று. இன்றைக்கும் பலர் இரண்டையும் ஒன்றாக்கித்தான் எழுதுகிறார்கள். சிங்கப்பூர் பூங்காவின் ஒராங்குட்டான் ஆ மெங் 2008-ல் இறந்தது. பிறகு அதன் பேத்தி இஷ்டாவுக்கு ஆ மெங் பட்டத்தைக் கொடுத்தார்கள். நம் வீடுகளில் பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பது மாதிரிதான். ஐம்பது வருஷம் கழித்துத் தேடுகிறவர் என்ன பாடுபடப் போகிறாரோ.

தலைகீழாகவும் நடக்கும். ஒரே விலங்குக்குப் போகிற இடமெல்லாம் புதுப் பெயர் வைப்பார்கள். மலாய்ப் பெயரை ஜெர்மனியில் ஒரு மாதிரியும் ஸ்பானிஷ் பேசும் நாட்டில் வேறு மாதிரியும் எழுதுவார்கள். அதனால் முதலில் எண்ணைத் தேடுங்கள். ஒராங்குட்டான்களுக்கு உலக அளவில் ஒரு வம்சாவளிப் பதிவேடு உண்டு. சான் டியாகோ பூங்காவின் பதிவாளராக இருந்த மார்வின் ஜோன்ஸ் அதை வெகுகாலம் பராமரித்தார். அதில் ஒவ்வொரு விலங்குக்கும் ஓர் எண். பூங்கா மாறினாலும் அந்த எண் கூடவே போகும். பூங்காவின் உள்எண் வேறு, மைக்ரோசிப் எண் வேறு. மூன்றையும் ஒரே கட்டத்தில் எழுதிவிட்டால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது.

வாத்தியார் போட்ட பிறந்த தேதி

நம் தாத்தாக்களின் பள்ளிச் சான்றிதழ்களைப் பாருங்கள். பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்திருப்பார்கள். சேர்க்க வந்த அன்றைக்கு வாத்தியார் போட்ட தேதி அது. காட்டிலிருந்து வந்த ஒராங்குட்டானின் பிறந்த தேதியும் அப்படித்தான். வந்தபோது பல்லையும் எடையையும் பார்த்து யாரோ ஒரு வருஷத்தை எழுதியிருப்பார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் பூங்காவில் இருந்த புவான் 1968-ல் அங்கே வந்தது. 1956-ல் பிறந்திருக்கலாம் என்பது கணிப்பு. 2018-ல் அது இறந்தபோது 62 வயது என்று செய்தி வந்தது. அந்த 62-ல் ஐம்பது வருஷம் பதிவு, பன்னிரண்டு வருஷம் கணிப்பு. இரண்டையும் பிரித்து எழுதுங்கள். ஜனவரி 1 என்று பிறந்த நாள் போட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

இதை உடலின் கணக்கோடு ஒப்பிடலாம். கர்ப்பகாலம் சுமார் எட்டரை மாதம். காட்டில் ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் ஏழெட்டு வருஷம் ஆகும். பூங்காவில் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தால் இடைவெளி குறையும். ஆகவே ஒரு தாய்க்கு அடுத்தடுத்த வருஷங்களில் குட்டி என்று இருந்தால், ஒன்று முதல் குட்டி இறந்திருக்க வேண்டும், இல்லை பிரிக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் இரண்டு தாய்களைச் சேர்த்துவிட்டீர்கள்.

பூங்காப் பட்டியல் மட்டும் போதாது

பிலடெல்பியா பூங்காவில் நெடுநாள் வாழ்ந்து 1977-ல் இறந்த குவாஸ் என்ற ஒராங்குட்டான், பூங்காவில் பிறந்ததல்ல, நேராகக் காட்டிலிருந்து வந்ததும் அல்ல. கியூபாவில் ஹவானா நகரில் ஒரு செல்வந்தப் பெண்மணியின் தோட்டத்தில் இருந்தது. அவர் 1930-ல் காலமான பிறகு, 1931-ல் பிலடெல்பியாவுக்குப் போனது. பூங்காக்களின் பட்டியலை மட்டும் புரட்டுகிறவருக்கு அதன் முதல் பத்து வருஷம் கண்ணில் படாது.

சாண்டெக் இன்னொன்று. 1977 டிசம்பரில் அட்லாண்டாவின் யெர்கீஸ் ஆய்வு மையத்தில் பிறந்தது. டென்னசியில் சட்டனூகா பல்கலைக்கழக வளாகத்தில் சைகை மொழி கற்று மனிதர்களோடு வளர்ந்தது. 1986-ல் திரும்ப யெர்கீஸுக்கு அனுப்பப்பட்டது. 1997-ல்தான் அட்லாண்டா உயிரியல் பூங்காவுக்கு வந்து 2017-ல் இறந்தது. பூங்காக் கணக்கு மட்டும் எடுத்தால் அதன் வாழ்க்கையில் சரிபாதி காணாமல் போய்விடும். அதுவும் எப்பேர்ப்பட்ட பாதி! சர்க்கஸ், தனியார் பண்ணை, விலங்கு வியாபாரி, ஆய்வுக்கூடம் எல்லாவற்றையும் தேடுங்கள்.

விலங்கு நகர்ந்ததா, பெயர்ப் பலகை நகர்ந்ததா?

சாண்ட்ரா என்ற ஒராங்குட்டான் 1986-ல் ரோஸ்டாக் நகரில் பிறந்தது. அப்போது அது கிழக்கு ஜெர்மனி. இன்று அப்படி ஒரு நாடு இல்லை. 1994-ல் அர்ஜென்டினாவின் புவெனஸ் அய்ரஸ் பூங்காவுக்கு வந்தது. அந்த ஊர் நீதிமன்றம் அதற்குச் சட்ட உரிமை உண்டு என்று சொன்னதால் உலகமே பேசியது. 2016-ல் அந்தப் பூங்கா மூடப்பட்டுச் சூழல் பூங்காவாக மாற்றப்பட்டது. அதைப் படித்துவிட்டு 2016-ல் சாண்ட்ரா இடம் மாறியதாக எழுதினால் தப்பு. அது அங்கேயேதான் இருந்தது. 2019 செப்டம்பரில் கிளம்பி, கான்சாஸ் மாநிலத்துப் பூங்கா ஒன்றில் தனிமைப்படுத்தலில் இருந்து, நவம்பரில் புளோரிடாவின் சரணாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கான்சாஸை ஒரு வீடாகக் கணக்கில் எடுப்பதும் தப்பு, அதை விட்டுவிடுவதும் தப்பு. கிளம்பிய நாளும் சேர்ந்த நாளும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

நம் பக்கமும் இதே சிக்கல் உண்டு. சென்னை பூங்கா 1985-ல் வண்டலூருக்கு மாறியது. கோவை வ.உ.சி. பூங்காவின் அங்கீகாரம் 2022-ல் போனது. அங்கிருந்த ஒரு முதலையையோ மானையோ தேடிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

பட்டியலைப் படிக்கும்போது

1.2.0 என்று இருந்தால் அது தேதியோ தசமமோ இல்லை. ஓர் ஆண், இரண்டு பெண், பால் தெரியாதது எதுவும் இல்லை என்று அர்த்தம். இந்தியப் பூங்காக்கள் மைய உயிரியல் பூங்கா ஆணையத்துக்குக் கொடுக்கும் ஆண்டுக் கணக்கில் 'டிஸ்போசல்' என்று ஒரு பத்தி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு விலங்கைக் கொன்றுவிட்டார்கள் என்று பதறி என்னிடம் பேசியவர்கள் உண்டு. வேறிடத்துக்குக் கொடுத்தார்கள் என்பதே பொருள். இறப்புக்குத் தனிப் பத்தி இருக்கிறது. கணக்கு மார்ச் 31-ல் முடிவதால், ஏப்ரலில் வந்து பிப்ரவரியில் போன விலங்கு முடிவிருப்பில், அதாவது அன்றைக்கு மீதியிருக்கும் விலங்குகளின் எண்ணிக்கையில், தெரியவே தெரியாது. வந்தவை, போனவை பத்திகளையும் பாருங்கள். அப்புறம், இனப்பெருக்கத்துக்குக் கடனாகப் போன விலங்கின் உரிமை ஓரிடத்திலும் உடல் வேறிடத்திலும் இருக்கும். இரண்டு பூங்காவும் அதைத் தன்னுடையது என்று எழுதும்.

இனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பதிவுகளில் போர்னியோ தீவின் ஒராங்குட்டான், சுமத்ரா தீவின் ஒராங்குட்டான் இரண்டும் ஒரே இனத்தின் பெயரிலேயே இருக்கும். 1980-களில் குரோமோசோம் சோதனை செய்தபோதுதான் பல பூங்கா விலங்குகள் இந்த இரண்டின் கலப்பு என்று தெரிந்தது. சாண்டெக்கும் சாண்ட்ராவும் கலப்புதான். தப்பனூலி என்ற மூன்றாவது இனம் அறிவிக்கப்பட்டது 2017-ல்.

முகத்தை நம்பாதீர்கள்

காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாதத்தில் நிறம் மாறிவிடும். செவலைக் கன்றின் படத்தை வைத்துக்கொண்டு மயிலைப் பசுவைத் தேட முடியுமா? ஒராங்குட்டானும் அப்படித்தான். குட்டியில் கண்ணையும் வாயையும் சுற்றி வெளுத்திருக்கும் தோல் வளர வளரக் கறுத்துவிடும். ஆணுக்குக் கன்ன மடல் வந்துவிட்டால் முகமே வேறு. அருகில் பெரிய ஆண் இருந்தால் அந்த மடல் வளர்வது பல வருஷம் தள்ளிப்போகும். பூங்கா மாறிய பிறகு சட்டென்று வளரலாம். ஆக, இடம் மாறும் முன் எடுத்த படமும் பின் எடுத்த படமும் இரண்டு விலங்கு மாதிரி இருப்பதில் ஆச்சரியமில்லை. காதின் விளிம்பு, வெட்டுத் தழும்பு, நிமிராத விரல், நகமில்லாத கால் பெருவிரல் ஆகியவைதான் அதன் சுழிகள்.

கடைசிச் சறுக்கல், பூங்கா அலுவலகத்துக்கு மட்டும் கடிதம் போட்டுவிட்டுப் பராமரித்தவரைக் கேட்காமல் இருப்பது. வேறு மாநிலத்துப் பூங்காவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இப்போது பவானிப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். நான் போட்டுக் குழப்பிக்கொண்ட அந்தப் பெண் ஒராங்குட்டானைப் பற்றிக் கேட்கப் போனேன். எந்த வருஷம் வந்தது என்றேன், இரண்டு தடவை இரண்டு வருஷம் சொன்னார். வருஷத்துக்கு மனித நினைவை நம்பக் கூடாது, அதைத் தாளில்தான் பார்க்க வேண்டும். படத்தை எடுக்கலாம் என்று பையைத் திறப்பதற்குள் அவரே பேசினார். "அதுங்களா தம்பி? வாழைப்பழத்தை எப்பவும் இந்தக் கையிலதான் வாங்குமுங்க" என்று இடது கையை நீட்டினார். சுண்டுவிரல் மட்டும் உள்ளே மடங்கியிருந்தது.